செத்த பிறகு மாமாவுக்கு வந்த பசி

என் மாமனார் முத்துக்குமாரு உயிரோடு இருந்த எண்பத்தொரு வருடத்தில், ஒரு வேளைக்கு ஒன்றரை இடியப்பத்துக்கு மேல் சாப்பிட்டதை ஒருவரும் கண்டதில்லை. இரண்டாவது இடியப்பத்தைச் சரிபாதியாகப் பிய்த்து, மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டுக்கு மேலே உள்ளங்கையை விரித்து, "காணும்" என்பார். போதும் என்பதை எங்கள் ஊரில் காணும் என்றுதான் சொல்வோம். எல்லாரும் சொல்கிற சொல்தான். ஆனால் மாமா நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொன்னால் அந்த இடத்தில் எல்லைக்கல் நட்ட மாதிரி இருக்கும். நட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி என் தட்டைப் பார்ப்பார்.

"காணுமே, பிள்ளை?"

கேட்கிறவர்களுக்கு அது அன்பான விசாரிப்பு. எனக்கோ மூன்றாவது இடியப்பத்தை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிடும். "ஓம் மாமா, காணும்" என்று எழும்பிவிடுவேன். கலியாணமாகிக் கொடிகாமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். மாமா, மாமி கனகாம்பிகை, என் கணவர் சுதாகரன், நான் என்று நாலு பேர் உள்ள வீட்டில், மேசையில் இருந்து நான் வயிறாரச் சாப்பிட்ட ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மேசையில் சாப்பிடாததைச் சாமான் அறையில் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்வதுகூடப் பொய். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாண், முறுக்கு, சீனி, முதல்நாள் குழம்பு என்று கையில் அகப்பட்டதை உள்ளே தள்ளுவேன். பிஸ்கட் பெட்டியைத் திறந்தால் பெட்டி முடியும்வரை கை நிற்காது. வயிறு நொந்தாலும் நிற்காது. முடிந்த பிறகு என்மேல் எனக்கே அருவருப்பு வரும், அழுவேன். அடுத்த நாள் அதற்குத் தண்டனையாகக் காலையும் மத்தியானமும் பட்டினி கிடப்பேன். பின்னேரம் கண் இருட்டிக்கொண்டு வரும்போது கால்கள் தாங்களாகவே சாமான் அறைக்குப் போகும். இவ்வளவுக்கும் நான் அளவை நிறுவைப் பரிசோதகர். சந்தை சந்தையாகப் போய், ஊரார் தராசெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவதற்கு அரசாங்கம் என்னைத்தான் நம்பியிருக்கிறது.

போன மாசி மாதம் மாமா செத்துப்போனார். ஒரு பாதி இடியப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுத்தவர்தான், எழும்பவில்லை.

எட்டுச்செலவு வந்தது. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைத்து, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கிற நாள். எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமா எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவர் ஒரு நாளாவது இது நல்லாயிருக்கு எண்டு சொன்னவரோ?" என்று மாமி எங்களைக் கேட்டார். நாங்கள் யோசித்தோம். சொன்னதாக ஞாபகம் இல்லை. "நல்லாயில்லை எண்டும் சொன்னதில்லை. ஐம்பது வருசம் நான் சுவருக்குச் சமைச்சிருக்கிறன்" என்று கண்ணைத் துடைத்துவிட்டு மாமி அடுப்படிக்குப் போனார். எது பிடிக்கும் என்று தெரியாததால் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பிரட்டல், பூசணிக்காய்க் கறி, முருங்கைக்காய், வடை, மோதகம், பயத்தம் பணியாரம், பாயாசம். படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்க்கக் கூடாது. செத்தவர் வாயில் படமுதல் இன்னொருவர் நாக்கில் படக் கூடாதாம். அதனால் மாமி எல்லாவற்றுக்கும் கைக்கணக்கில் உப்புப் போட்டார்.

அன்று நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வேலையும் அதிகம், முதல்நாள் செய்ததற்குத் தண்டனையும் பாக்கி. பின்னேரம் ஐந்தரைக்குப் படைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் அப்போது சாமான் அறையில் இருந்தேன். படையல் அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. அரிசி மூட்டைகளை அடுக்கி மறைத்ததால் அப்படியொரு கதவு இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் வாழ்க்கை நடத்துகிறவள் நான் மட்டும் மறக்கவில்லை. கதவின் இடுக்கால் வடை வாசம் வந்தது.

ஒரேயொரு வடை என்றுதான் உள்ளே போனேன்.

பத்து நிமிடம் கழித்து மாமி கூடத்துக் கதவைத் திறந்தபோது இலையில் ஒரு வாழைப்பழத் தோலும் நாலு முருங்கைக்காய்ச் சக்கையும்தான் கிடந்தன. நான் சாமான் அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் இருபது பேர். 

"பூனையோ?" என்று என் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பூனை சக்கையைச் சப்பிப்போட்டு ஓரமாய் அடுக்கி வைக்குமோ, தம்பி?" என்றார் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா. "ஐயா வந்திட்டுப் போட்டார்."

மாமி இலைக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டார். "சாப்பிட்டிட்டார்" என்றார். "ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. என்ரை சமையலை முழுக்கச் சாப்பிட்டிட்டார்." அவர் அழுத அழுகையில் அவ்வளவு சந்தோசம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை நான், அவருடைய கலியாணப் படத்தில்கூட, அப்படிக் கண்டதில்லை. அந்த நேரம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறவள் மகானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுவயிற்றோடாவது இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மூட்டைகளைச் சரியாக அடுக்கினேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வெள்ளிக்கிழமை மாமி திரும்பவும் படைத்தார். நான் திரும்பவும் போனேன். போகக்கூடாது என்று வியாழன் முழுக்கச் சத்தியம் செய்தேன், சத்தியத்தைப் பலப்படுத்தப் பட்டினியும் கிடந்தேன், பிறகு போனேன். இரண்டு கிழமையில் வெள்ளிக்கிழமை மட்டும் என்பது செவ்வாயும் வெள்ளியும் ஆனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபிறகு தினமும் ஆனது. மாமாவுக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தரைக்கு, நான் வேலையால் வந்து முகம் கழுவி முடிய, சரியாகப் பசித்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. "கலா எங்கை?" என்று யாராவது கேட்டால், "அவளுக்குப் பயம், சாமான் அறைக்குள்ளை நிக்கிறாள்" என்று மாமியே பதில் சொன்னார்.

செய்தி பரவியது. உயிரோடு இருந்தபோது மாமாவைத் தேடி மாதத்தில் ஒருவர் வருவதே அபூர்வம். இப்போது கூடத்தில் கதிரை காணாமல் வாடகைக்கு எடுத்தோம். குணலட்சுமி அக்கா தன் மகன் தனோஜனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டுப் பலகாரத்தை மாமாவுக்குப் படைப்பது, மாமா சாப்பிட்டால் சம்பந்தம் சரி என்று ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று வீட்டிலிருந்து மோதகம் வந்தது. மூன்றையும் நான் தின்று தீர்த்தேன். "மூண்டு பெட்டையளையும் ஐயாவுக்குப் பிடிச்சிருக்கு, நான் இப்ப என்ன செய்யிறது?" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

வாக்காளர் இடாப்பிலிருந்து மாமாவின் பெயரை வெட்டக் கிராம அதிகாரியான விதானையார் வந்தார். படையல் நேரம். கதவு சாத்தியதையும் பார்த்தார், திறந்ததையும் பார்த்தார். வெறும் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "மேலிடத்திலை ஒருக்காக் கேட்டுப்போட்டு வாறன்" என்று போனவர் இன்றுவரை வரவில்லை.

சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற றொகான் மட்டன் றோல்ஸோடு வந்தான். மாமா சுத்த சைவம். "போன இடத்திலை சைவம், அசைவம் பாக்கினமோ தெரியாது, அம்மா. ஒருக்கா வைச்சுப் பாப்பம்" என்றான். மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மரக்கறி றோல்ஸில் சமாதானம் ஆனது. பன்னிரண்டு வைத்தான், பன்னிரண்டும் போனது. அடுத்த கிழமை கடைக்கு முன்னால் மாமாவின் படத்தோடு ஒரு பலகை தொங்கியது: "அமரர் முத்துக்குமாரு ஐயா விரும்பி உண்ணும் மரக்கறி றோல்ஸ்."

ஆவணியில் வேலை விசயமாக நான் இரண்டு நாள் மன்னாருக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் இலை அப்படியே கிடந்ததாம். வீட்டில் ஒரே கலக்கம். பிறகு குணலட்சுமி அக்காதான் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், தொண்டைமானாற்று முருகன் கோயிலில் சந்நிதியான் திருவிழா நடக்கிறது, ஐயா அங்கே போயிருப்பார், மடங்களில் அன்னதானம் நல்லதுதானே என்று. நான் திரும்பி வந்த பின்னேரம் மாமாவும் திரும்பி வந்தார். சந்நிதிச் சோறு சாப்பிட்டு வந்தவருக்குப் பசி எப்படி இப்படி இருக்கும் என்று எல்லாரும் வியந்தார்கள்.

எல்லாரும் சிரிப்பாகக் கதைத்தார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. பத்து நிமிடத்துக்குள் இலையை வெறுமையாக்க வேண்டும். அழுதுகொண்டுதான் தின்றேன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தின்றேன். முன்பு என் விசருக்காகத் தின்றவள் இப்போது மாமியின் சந்தோசத்துக்காகவும் தின்ன வேண்டியிருந்தது. இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் நிறுத்தினால் மாமியின் முகம் போய்விடும். நிறுத்தாவிட்டால் நான் போய்விடுவேன் போல இருந்தது.

ஒரு நாள் சந்தையில் வெங்காய மூட்டை நிறுக்கிற பெரிய தராசைச் சோதிக்கும்போது, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறி நின்றேன். காட்டிய எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தராசு பிழை, முத்திரை தரமாட்டேன் என்று வியாபாரியோடு சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனிதர் கும்பிட்டார். அரசாங்கப் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். தராசு அச்சொட்டாகச் சரி. முத்திரையைக் குத்திவிட்டு வாகனத்துக்குள் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் ஊரார் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள் என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டொக்டர் ஆஸிகா என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர். மேசைக்குப் பக்கத்தில் ஒரு தராசு இருந்தது. அதில் ஏறச் சொல்லுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை.

"காலமை என்ன சாப்பிட்டீங்கள், அக்கா?"

"பிளேன்ரீ."

"நேற்று மத்தியானம்?"

"சாப்பிடேல்லை. முந்தநாள் சாப்பிட்டதுக்கு."

அவர் தலையாட்டினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், மூட்டைகள், பிஸ்கட் பெட்டி, கை நிற்காதது எல்லாம். "உது ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாது, டொக்டர். எல்லாரும் மாமா சாப்பிடுறார் எண்டு நினைக்கினம்."

"மாமாவோடை கதைச்சுப் பாத்தீங்களோ?"

"அவர் செத்து எட்டு மாசம்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். மிகவும் மெதுவான குரலில், "மாமா உங்களோடை கதைக்கிறவரோ, அக்கா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். சாப்பிடுறது மட்டும்தான்."

விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். டொக்டர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "உது ஆசையும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. உதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு. கன பேருக்கு இருக்கிற வருத்தம்" என்றார். "நீங்கள் பட்டினி கிடக்கிறது தண்டனை இல்லை, அக்கா. அதுதான் அடுத்த முறைக்கு அடுப்பு மூட்டுறது." பிறகு மருந்து எழுதுகிற துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். வாசித்துப் பார்த்தேன். காலை ஏழு மணி, புட்டு. பத்து மணி, வாழைப்பழம். மத்தியானம், சோறு, இரண்டு கறி. பின்னேரம், தேத்தண்ணியோடு ஏதாவது. இரவு, இடியப்பம்.

"எத்தினை இடியப்பம் எண்டு போடேல்லையே?"

"நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றார். "இன்னும் ஒண்டு. தனிய நிண்டு சாப்பிடாதேங்கோ. ஒராளுக்கு முன்னாலை இருந்து சாப்பிடுங்கோ. ரெண்டு கிழமையிலை திரும்பி வாங்கோ, கதைப்பம்."

புட்டு என்று எழுதிய மருந்துத் துண்டோடு நான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் புட்டுச் சாப்பிட்டேன், வேலை செய்கிற கந்தோரில் சோற்றுப் பாசலைத் திறந்து சாப்பிட்டேன். பின்னேரம் ஐந்தரைக்குச் சாமான் அறைக்குள் போகாமல் கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்த்தேன். தோய்த்த உடுப்பையே திரும்பத் திரும்பத் தோய்த்தேன். வடை வாசம் வந்தது.  ஆனாலும் கண் இருட்டவில்லை, கால் தானாக நடக்கவில்லை.

மாமி கதவைத் திறந்தார். இலை அப்படியே இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. இப்போது திருவிழாவும் இல்லை. கூடத்தில் கூட்டம் கூடி ஆராய்ந்தது. "ஆரோ துடக்கோடை, தீட்டோடை வந்திருக்கினம்" என்றார் குணலட்சுமி அக்கா. "ஒரே சாப்பாடு, அலுத்திருக்கும்" என்றான் றொகான், பலகையைக் கழற்றுவதா என்ற யோசனையோடு. "அப்பாவுக்கு வயித்துக்கு ஏதும் செய்யுதாக்கும்" என்றார் என் கணவர். செத்தவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் என்ன மருந்து என்றும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். மாமா வேண்டாமென்றதை வேறு யாரும் தொடக் கூடாது என்று மாமி அவ்வளவையும் அக்காவின் மாட்டுக்குக் கொடுத்தார். மாடு சாப்பிட்டது. அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை.

 நாலாம் நாள் காலையில்தான் எனக்குத் தெரியவந்தது, இலை மிஞ்சத் தொடங்கியதிலிருந்து மாமி ஒன்றுமே சாப்பிடவில்லை என்று.

"ஏன் மாமி இப்பிடிச் செய்யிறீங்கள்?"

"அவருக்குப் பிடிக்கேல்லை. பிறகு எனக்கென்னத்துக்கு?" என்றார். அடுப்படிச் சுவரோடு சாய்ந்து இருந்தார். எட்டு மாதமாக ஒளிவிட்ட முகம் சுருங்கிப் போயிருந்தது. "உப்புத்தான் பிழைச்சிருக்கும், பிள்ளை. படையலுக்கு உப்புப் பாக்கக் குடாது. மிஞ்சினால்தானே எங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அவர் ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை, இப்ப வைச்சதை நாங்கள் தொடவும் ஏலாது. நான் ஆரிட்டைக் கேக்கிறது, உப்புச் சரியோ எண்டு?"

 ஒரே வழிதான் இருந்தது என்று நினைத்தேன், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் திரும்பவும் மூட்டைகளுக்குப் பின்னால் போவது. அந்த 'ஒரு நாள் மட்டும்' என்பதை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக அது என்னோடு குடும்பம் நடத்துகிறது. காலைப் புட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலைக்குப் போனேன். போகும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கூடம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். றொகான் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். மாமி படைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சாத்திய கதவைத் திறந்தேன். அகலத் திறந்து வைத்துவிட்டு இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு இருந்தேன். சோற்றில் கை வைத்தேன்.

"இவ்வளவு நாளும் சாப்பிட்டது நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

 குணலட்சுமி அக்கா தடால் என்று நிலத்தில் விழுந்து கும்பிட்டார்.

"ஐயா வந்திட்டார்! கலாவிலை இறங்கிட்டார்!"

"நான் மாமா இல்லை. நான் உதயகலா!"

"குரலைப் பாருங்கோ, அப்பிடியே ஐயாவின்ரை குரல்!" என்றார் அக்கா. கூட்டம் முழுவதும் கை கூப்பியது. "ஐயா, மூண்டிலை எந்தப் பெட்டையை எடுக்கிறது? ஒரு வார்த்தை சொல்லுங்கோ!"

"றோல்ஸைப் பற்றியும் ஒரு வசனம், ஐயா" என்றான் றொகான், போனை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து.

என் கணவர் முன்னால் வந்தார். பத்தொன்பது வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர். கண்ணீரோடு, "அப்பா" என்றார். "அந்தக் கிழக்குக் காணியின்ரை உறுதிப் பத்திரத்தை எங்கை வைச்சனீங்கள்?"

"எனக்கு எப்பிடியப்பா தெரியும்?" என்று கத்தினேன்.

"அப்பாவும் இப்பிடித்தான் சொல்லுறவர்" என்று விம்மினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடம் மறைத்தேன். மறைத்த ஒன்றைச் சொல்ல வருகிற ஒருத்தியைப் பார்க்க இவ்வளவு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் நான் தெரியவில்லை. சோற்றுக் கையோடு இருந்து விக்கி விக்கி அழுதேன். அப்போதுதான் மாமி வாசலில் வந்து நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அவர் அழமாட்டார்" என்றார். "தாய் செத்ததுக்கும் அழாத மனுசன். இது கலா."

திரும்பி எல்லாரையும் பார்த்து, "தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"எட்டு மாசமும் நீயோ?"

"ஓம் மாமி." சின்னக் கதவைக் காட்டினேன். மூட்டைகளைச் சொன்னேன், பிஸ்கட் பெட்டியைச் சொன்னேன், டொக்டரைச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவர் ஒரு நாளும் சாப்பிடேல்லை."

"இல்லை மாமி."

மாமாவின் படத்தைப் பார்த்தார்.  அவருடைய வாய் கோணியது. நான் எட்டு மாதமாகக் கொடுத்த சந்தோசத்தை நானே பிடுங்கிக்கொண்டேன். அடிப்பார், வீட்டைவிட்டுப் போகச் சொல்லுவார், எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். மாமி மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உப்பு எப்பிடி இருந்தது?"

"என்ன மாமி?"

"உப்பு. எட்டு மாசம் நீதானே சாப்பிட்டனி. சரியோ, கூடவோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். எத்தனை சோறு, எத்தனை குழம்பு, எத்தனை நூறு வடை. ஒன்றின் ருசியும் ஞாபகத்தில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"தெரியாது, மாமி."

"தெரியாதோ?" ஏமாற்றியதற்கு வராத கோபம் இதற்கு வந்தது. "நான் நாரி முறிஞ்சு எட்டு மாசம் சமைச்சிருக்கிறன், அவ்வளவையும் திண்டிட்டு ருசி தெரியாதெண்டு சொல்லுறியோ? அந்த மனுசன் வாய் திறக்கேல்லை எண்டால், நீயுமோ?" இலையை எனக்குக் கிட்ட இழுத்து வைத்தார். "சாப்பிடு. ஆறுதலாய்ச் சாப்பிடு. நான் இஞ்சை இருந்து பாக்கிறன். பாத்துச் சொல்லு."

கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தேன். மென்றேன். ஒருவர் எனக்கு முன்னால் இருந்து, என் தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்க, நான் மென்றது அதுதான் முதல் தடவை. விழுங்கினேன். இன்னொரு வாய், பூசணிக்காயோடு. பிறகு பருப்பு.

"மாமி," என்றேன், "இதுக்கு உப்பே போடேல்லை."

"உப்பே போடேல்லையோ?"

"ஒண்டுக்கும் போடேல்லை."

மாமி கையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. குணலட்சுமி அக்காவின் குரல்.

"கனகாம்பிகையக்கா! ஐயா என்ன சொல்லுறார்?"

"உப்புக் காணாதாம்!" என்று மாமி உரத்துச் சொன்னார்.

கூடத்தில் ஒரு பெரிய ஆரவாரம் எழும்பியது. மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டே சாமான் அறைக் கதவைத் தள்ளித் திறந்து, மூட்டைகளுக்கு நடுவால் பக்கவாட்டில் நுழைந்து போய், உப்புச் சாடியோடு அதே வழியால் வந்தார். குழம்பில் தூவினார். தன் விரலாலேயே கலக்கினார்.

"இப்ப?"

"இப்ப நல்லாயிருக்கு, மாமி." அது பொய் இல்லை. கத்தரிக்காய் நன்றாகப் பொரிந்திருந்தது. கொஞ்சம் வெந்தயம் கூட. அதையும் சொன்னேன். வெந்தயம் கூடத்தான், அடுத்த முறை குறைக்கிறேன் என்றார். முருங்கைக்காய்க்குப் பால் காணாது என்றேன். மாமி ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

இலையில் பாதிச் சோறு இருந்தது. நாலு வடையும் பாயாசமும் இருந்தன. என் கை தானாக நின்றதை நான் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன். மாமி அகப்பையைத் தூக்கினார். நான் இலைக்கு மேலே கையை விரித்தேன்.

"காணும், மாமி."

மாமி என்னைப் பார்த்தார். அகப்பையை வைத்துவிட்டு, மிச்சம் இருந்த சோற்றை இலையோடு தன் பக்கம் திருப்பிக் குழைக்கத் தொடங்கினார். நாலு நாள் பட்டினி கிடந்தவர் அவசரப்படாமல் சாப்பிட்டார். நான் எழும்பவில்லை, அவர் சாப்பிட்டு முடியும்வரை முன்னால் இருந்தேன்.